ஸ்வீடன் ஐஸ் ஹாக்கி லீக்கில் ஒரு சீசன்: 2022–23ஐக் கீழிருந்து மேலே படித்தால்

கேள்வி இதுதான்: கொஞ்ச காலமாக என்ஹெச்எல் (அமெரிக்கா, கனடாவின் ஐஸ் ஹாக்கி லீக்) பார்த்துவரும் ஒருவர், ஸ்வீடனின் முதல் டிவிஷனான எஸ்ஹெச்எல் லீக்கையும் பார்க்கத் தொடங்கலாமா, அங்கே ஒரு சீசன் எப்படி நடக்கும், நல்ல ஆட்டக்காரர்கள் எல்லாரும் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் போய்விட்ட பிறகு அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறார்.

தாராளமாகப் பாருங்கள். நல்ல ஆட்டக்காரர்கள் போய்விடுகிறார்கள் என்பது பாதிதான் உண்மை. போவதற்கு முன்னால் அவர்கள் இங்கேதான் ஆடுகிறார்கள், வயதான பிறகு பலர் திரும்பி வந்து ஆடுவதும் இங்கேதான். எலியாஸ் பெட்டர்சன் 2017–18இல் வெக்ஷோ லேக்கர்ஸ் அணிக்காக 44 ஆட்டங்களில் 56 புள்ளிகள் எடுத்தார், வயது 19. இருபது வயதுக்குக் குறைந்தவர்களில் கென்ட் நில்சன் 1970களில் வைத்திருந்த சாதனை அன்றைக்குப் போனது, அந்த வசந்தத்தில் கோப்பையும் வெக்ஷோவுக்கே வந்தது. அடுத்த சீசனில் வான்கூவர் போய் என்ஹெச்எல்லின் சிறந்த புதுமுகம் விருதை வாங்கினார். இப்படி ஒரு பையனை உலகம் கண்டுகொள்வதற்கு ஒரு வருஷம் முன்னாலேயே பார்த்துவிடலாம் என்பதற்காகவே இந்த லீக்கைப் பின்தொடர்பவர்கள் உண்டு.

ஆனால் என்னைக் கேட்டால் எஸ்ஹெச்எல் பார்க்க அதைவிடப் பெரிய காரணம் வேறு. இந்த லீக்கின் சீசனை நீங்கள் கடைசி இடத்திலிருந்து படிக்க வேண்டும். என்ஹெச்எல் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது முதலில் வசப்படாது, ஏனென்றால் அங்கே ஜனவரியிலேயே தோற்றுப்போன அணியைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள், பேசினாலும் ஜூன் மாத டிராஃப்டில் (இளம் ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுத்துக்கொள்வது, கீழே முடித்தவர்களுக்கு முன்னுரிமை) முதல் ஆளாக யாரை எடுக்கலாம் என்றுதான் பேசுவார்கள்.

முதலில் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 14 அணிகள், ஆளுக்கு 52 ஆட்டம், செப்டம்பரில் ஆரம்பித்து மார்ச் வரை. அறுபது நிமிடத்துக்குள் ஜெயித்தால் 3 புள்ளி. சமநிலையானால் வரும் ஓவர்டைமிலோ (கூடுதல் நேரம்) ஷூட்அவுட்டிலோ (ஒருவர் ஒருவராகக் கோல் அடிக்க முயல்வது) ஜெயித்தால் 2, அப்படித் தோற்றவருக்கு 1. என்ஹெச்எல்லில் எப்படி ஜெயித்தாலும் 2 புள்ளிதான் என்பதால் கடைசிப் பத்து நிமிடத்தில் சமநிலையில் இருக்கும் ரெண்டு அணியும் ஓவர்டைமுக்குப் போனால் போதும் என்று ஒதுங்கி ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே அந்தச் சபலம் குறைவு, ஒரு முழு வெற்றிக்கும் அரை வெற்றிக்கும் வித்தியாசம் இருக்கிறது. 52 ஆட்டம் முடிந்ததும் முதல் ஆறு அணிகள் நேராகக் காலிறுதிக்கு, 7 முதல் 10 வரை உள்ள நான்கு அணிகள் மூன்று ஆட்டத் தொடர் ஒன்றில் மோதி மிச்சம் இரண்டு இடத்தைப் பிடிக்கும். காலிறுதியிலிருந்து இறுதிப்போட்டி வரை எல்லாம் ஏழு ஆட்டத் தொடர், முதலில் நான்கு வெல்பவருக்கு. 11ஆவது, 12ஆவது அணிகளுக்கு சீசன் அங்கேயே முடிந்துவிடும், ஒன்றுமில்லாமல்.

13ஆவது, 14ஆவது அணிகளுக்கும் ஒரு ஏழு ஆட்டத் தொடர் இருக்கிறது. அதில் தோற்பவர் லீக்கை விட்டு வெளியே. அடுத்த செப்டம்பரில் ஹாக்கிஆல்ஸ்வென்ஸ்கான் என்ற இரண்டாம் டிவிஷனில் ஆட வேண்டும், அந்த டிவிஷனை ஜெயித்த அணி இந்த இடத்துக்கு வரும். இங்கிலாந்துக் கால்பந்து பார்ப்பவர்களுக்கு ரெலிகேஷன் புதிதல்ல. ஆனால் அங்கே 38 ஆட்டப் பட்டியல் முடிவுசெய்வதை இங்கே ரெண்டு அணிகள் நேருக்கு நேர் நின்று முடிவுசெய்கின்றன. கோப்பைக்கான இறுதிப்போட்டியின் அதே நீளம், அதே விதிகள், ஆனால் ஜெயித்தாலும் கையில் எதுவும் வராது. இருந்த இடத்தில் இருக்கலாம், அவ்வளவுதான். இதைவிடக் கனமான ஐஸ் ஹாக்கியை நான் பார்த்ததில்லை. ஆட்டக்காரர்கள் பக்கை, அதாவது ஆடும் ரப்பர் வட்டை, தங்களிடம் வைத்திருக்கவே பயப்படுவார்கள், இரண்டு மீட்டர் பாஸ் கூடத் தப்பாகப் போகும், முதல் கோல் விழுந்ததும் அரங்கம் முழுக்க மாறிவிடும்.

இப்போது 2022–23க்கு வருகிறேன், இந்த லீக்கைப் புரிந்துகொள்ள நான் கைகாட்டும் சீசன் அதுதான். ஆனால் அதற்குக் கொஞ்சம் முன்கதை வேண்டும்.

2017இல் இறுதிப்போட்டியில் மோதியவர்கள் யொன்ஷோப்பிங் ஊரின் எச்வி71 அணியும் யெவ்லே ஊரின் பிரினெஸ் அணியும். தொடர் ஏழாவது ஆட்டம் வரை போய் எச்வி71 ஜெயித்தது. நான்கே வருஷம் கழித்து, 2021இல், அதே இரண்டு அணிகள் மறுபடியும் ஒரு ஏழு ஆட்டத் தொடரில் நேருக்கு நேர் வந்தன, ஆனால் இந்த முறை பட்டியலின் அடியில். கோப்பையை ஐந்து முறை வென்ற எச்வி71 வெளியே போனது, பிரினெஸ் தப்பியது. அடுத்த வருஷம், 2022இல், ஸ்டாக்ஹோமின் யூர்கோர்டன் டிம்ரோவிடம் தோற்று இறங்கியது. யூர்கோர்டன் என்றால் ஸ்வீடன் ஹாக்கியில் மிக அதிகமாக, 16 முறை, சாம்பியன் ஆன அணி. தலைநகரத்தின் பெரிய கிளப், பின்னால் ஒரு பெரும் ரசிகர் படை, எதுவும் காப்பாற்றவில்லை.

ஆக 2022 செப்டம்பரில் புது சீசன் தொடங்கியபோது, பெயரையும் வரலாற்றையும் நம்பி யாரும் நிம்மதியாக இருக்க முடியாது என்பது எல்லா அணிகளுக்கும் தெரிந்திருந்தது. பிரினெஸுக்கு இன்னும் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

பிரினெஸ் யார் என்று சொல்லாவிட்டால் இந்தக் கதையின் எடை தெரியாது. ஸ்டாக்ஹோமுக்கு வடக்கே, கடலோரத்தில், ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வாழும் யெவ்லே என்ற ஊர் (ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வைக்கோலில் ஒரு பெரிய ஆட்டைச் செய்து நிறுத்துவார்கள், யாராவது வந்து அதைக் கொளுத்திவிட்டுப் போவார்கள், அந்த ஊர்தான்). அந்த ஊரின் கிளப் 1960இலிருந்து ஒரு வருஷம்கூட விடாமல் முதல் டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்தது. 13 முறை சாம்பியன். 1960களின் நடுவிலிருந்து 1970களின் முடிவு வரை ஸ்வீடனில் அதுதான் முதல் அணி என்றே சொல்லலாம். கடைசிக் கோப்பை 2012இல்; அந்த அணியின் கேப்டன் யாக்கோப் சில்ஃபர்பெர்க், கூட ஆடியவர்கள் யூஹான் லார்சன், காலே யார்ன்க்ரோக், மத்தியாஸ் எக்ஹோம். நான்கு பேரும் பிறகு என்ஹெச்எல் போனார்கள். நிக்லாஸ் பேக்ஸ்ட்ரோம் அதற்கும் முன்னால், 2007இல், இங்கிருந்துதான் வாஷிங்டன் போனார். 2008இலேயே ஒருமுறை கிளப் தகுதிச் சுற்று வரை சரிந்தது. அப்போது ஊர்ப் பையன், 18 வயது கோல்கீப்பர் யாக்கோப் மார்க்ஸ்ட்ரோம் நின்று காப்பாற்றிக் கொடுத்தார்.

பொர்யே சால்மிங்கும் பிரினெஸ் ஆள்தான். வடகோடியில் கிரூனாவில் பிறந்தவர், 1970இல் யெவ்லே வந்து 1971, 1972 இரண்டு வருஷமும் சாம்பியன் ஆனவர், பிறகு 1973இல் தன் பிரினெஸ் சகா ஹம்மர்ஸ்ட்ரோமோடு டொரொண்டோ மேப்பிள் லீஃப்ஸுக்குப் போனார். ஐரோப்பியர்கள் மென்மையானவர்கள், அடித்தால் ஓடிவிடுவார்கள் என்று வட அமெரிக்காவில் பேசிய காலம் அது. வேண்டுமென்றே அவரை அடித்தார்கள், குத்தினார்கள், அவர் நின்று ஆடினார், டொரொண்டோவில் 16 சீசன். இன்றைக்கு என்ஹெச்எல்லில் ஸ்வீடன்காரர்கள் இத்தனை பேர் இருப்பதற்கு முதல் கதவைத் திறந்தவர் அவர் என்று எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள். 1996இல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றார், ஸ்வீடனிலிருந்து அவர்தான் முதல் ஆள்.

2022 ஆகஸ்டில் அவருக்கு ஏஎல்எஸ் நோய், அதாவது தசைகளை ஒவ்வொன்றாக முடக்கும் நரம்பு நோய், என்ற செய்தி வந்தது. நவம்பரில் டொரொண்டோ அவரை அழைத்து இரண்டு நாள் கௌரவித்தது. அதற்குள் பேச்சு போய்விட்டது, கையைத் தூக்க முடியவில்லை, பழைய சகா டேரில் சிட்லர் பக்கத்தில் நின்று அவர் கையைப் பிடித்து உயர்த்தினார். இரண்டாம் நாள் ஆட்டத்தை டொரொண்டோ ஆறு ஸ்வீடன் ஆட்டக்காரர்களை மட்டும் நிறுத்தித் தொடங்கியது. அதில் ஒருவர் மேலே சொன்ன யார்ன்க்ரோக், யெவ்லே ஊர்க்காரர். நவம்பர் 24ஆம் தேதி சால்மிங் இறந்தார், வயது 71.

அந்தக் குளிர்காலம் முழுக்க பிரினெஸ் தோற்றுக்கொண்டிருந்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாதவை, நான் முடிச்சுப் போடவில்லை. ஆனால் யெவ்லேயில் இருந்தவர்களுக்கு அது ஒரே குளிர்காலம்தானே. லார்சன் என்ஹெச்எல்லை விட்டு அந்தக் கோடையில்தான் திரும்பி வந்திருந்தார், 2012 கோப்பையை நினைத்துத்தான் எல்லாரும் அவரை வரவேற்றிருப்பார்கள், வந்து சேர்ந்தது இந்த சீசனுக்கு. ஒரு நல்ல ஆட்டக்காரரால் சரிகிற அணியைத் தனியாகப் பிடித்து நிறுத்த முடியாது. ஐஸ் ஹாக்கியில் எவ்வளவு பெரிய ஆளும் ஆட்டத்தில் பாதி நேரத்துக்கு மேல் களத்தில் நிற்பது அரிது, நாற்பது ஐம்பது விநாடிக்கு ஒருமுறை ஆள் மாறிக்கொண்டே இருக்கும். கோல்கீப்பர் ஒருவரால்தான் ஓரளவுக்கு அது முடியும், 2008இல் மார்க்ஸ்ட்ரோம் செய்தது அதைத்தான். 2023இல் அப்படி யாரும் எழவில்லை. பிரினெஸ் கடைசி இரண்டு இடத்துக்குள் விழுந்து, மால்மோவோடு ஏழு ஆட்டத் தொடருக்குப் போய், தோற்றது. 1960இலிருந்து ஓடிவந்த கணக்கு அங்கே முடிந்தது.

பட்டியலின் மேல்பக்கத்தையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அநியாயம். அந்த சீசனின் சாம்பியன் வெக்ஷோ லேக்கர்ஸ், இறுதியில் ஷெலெஃப்டியோவை 4–1 என்று வென்றது. 2015, 2018, 2021, இப்போது 2023, ஆக எட்டு வருஷத்தில் நான்கு கோப்பை. இந்த வெக்ஷோவின் கதைதான் பிரினெஸின் கதைக்கு மறுபக்கம். தெற்கே, ஹாக்கிப் பாரம்பரியம் என்று பெரிதாக எதுவும் இல்லாத ஊர். இருந்த கிளப் திவாலாகி, 1997இல் புதிதாக ஒன்றைத் தொடங்கி, நாட்டின் அடி டிவிஷனிலிருந்து படிப்படியாக ஏறி 2011இல் முதல் டிவிஷனுக்கு வந்தார்கள். அதே வருஷம் புது அரங்கம். நான்கு வருஷத்தில் முதல் கோப்பை. அந்த அணி 2023இல் மேலே நிற்க, 63 வருஷம் மேலேயே இருந்த அணி அதே வசந்தத்தில் கீழே போகிறது. ஏணி திறந்திருக்கும் லீக்கில் மட்டும்தான் இந்த இரண்டும் ஒரே பட்டியலில் நடக்கும்.

இதே மாதங்களில் என்ஹெச்எல்லில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். 2022–23இல் அங்கே கடைசி இடம் அனாஹைம் டக்ஸ். அதற்கு மேலே கொலம்பஸ், அதற்கு மேலே சிகாகோ. மூன்று ஊரிலும் வசந்தம் முழுக்கப் பேச்சு, அந்த வருஷ டிராஃப்டில் எல்லாரும் முதல் ஆளாக எதிர்பார்த்த கானர் பெடார்ட் யாருக்குக் கிடைப்பார் என்பதுதான். முதலில் எடுப்பது யார் என்ற குலுக்கல் சிகாகோவுக்கு விழுந்தது. அனாஹைம் இரண்டாவதாக லியோ கார்ல்சனை எடுத்தது. அவர் அந்தக் குளிர்காலத்தை எங்கே கழித்தார் தெரியுமா? எஸ்ஹெச்எல்லில், ஓரெப்ரோ அணியில், பெரியவர்களோடு மோதி 44 ஆட்டத்தில் 25 புள்ளி எடுத்துக்கொண்டிருந்தார், சீசனின் நடுவில்தான் 18 வயது ஆனது. ஆக ஸ்வீடனில் கடைசியில் வந்த அணி லீக்கையே இழந்தது, அமெரிக்காவில் கடைசியில் வந்த அணிக்கு ஸ்வீடனின் சிறந்த பையன் போய்ச் சேர்ந்தான். டிராஃப்ட் முறையில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. பலவீனமான அணி எழுந்து நிற்க அது ஒரு வழி, 32 அணி இருக்கும் மூடிய லீக்கில் அதுபோல ஏதாவது வேண்டும். ஆனால் அதற்கு விலையாக சீசனின் கடைசி இரண்டு மாதம் பத்துப் பன்னிரண்டு ஊர்களில் அர்த்தமே இல்லாமல் போகிறது. டிக்கெட் வாங்கி வந்து உட்கார்ந்திருப்பவர் தன் அணி தோற்றால் நல்லது என்று நினைக்கும் நிலை வருகிறது, எனக்கு அது விளையாட்டாகத் தெரியவில்லை.

இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. ஸ்வீடனில் கிளப் என்பது உறுப்பினர்களின் சங்கம். அணியை ஒரு நிறுவனமாக நடத்தினாலும் பாதிக்கு மேற்பட்ட வாக்கு சங்கத்திடம்தான் இருக்க வேண்டும் என்பது விதி. ஒரு பணக்காரர் வாங்கி வேறு ஊருக்குக் கொண்டுபோக முடியாது. 2024இல் அரிசோனாவில் இருந்த என்ஹெச்எல் அணிக்கு என்ன நடந்தது? ஆட்டக்காரர்கள், பயிற்சியாளர்கள் எல்லாரும் அப்படியே யூட்டா போய்ச் சேர்ந்தார்கள், ஊரில் லீக்கும் இல்லை அணியும் இல்லை. என்ஹெச்எல் அணியால் கீழே விழ முடியாது, ஆனால் ஊரை விட்டுப் போக முடியும். பிரினெஸ் கீழே விழுந்தது, யெவ்லேயை விட்டு எங்கேயும் போகவில்லை. அடுத்த செப்டம்பரில் அதே அரங்கம், அதே நிற்கும் வரிசை, அதே பாட்டு.

விழுவது லேசான விஷயம் இல்லைதான். எஸ்ஹெச்எல்லின் டிவி பணம் இரண்டாம் டிவிஷனின் பணத்தைவிடப் பல மடங்கு. விளம்பரதாரர்கள் கைகழுவுவார்கள், நல்ல ஆட்டக்காரர்கள் வேறு கிளப் பார்ப்பார்கள், அலுவலகத்தில் வேலை செய்பவர்களுக்கே வேலை நிச்சயமில்லை. அதனால்தான் லீக்கை மூடிவிடலாம், இருக்கும் அணிகள் நிம்மதியாகத் திட்டமிடலாம் என்ற யோசனை அவ்வப்போது தலைகாட்டுகிறது. ரசிகர்கள் ஒவ்வொரு முறையும் எதிர்க்கிறார்கள், விழும் ஆபத்தில் இருக்கும் கிளப்பின் ரசிகர்களும் சேர்த்து. அவர்கள் பக்கம்தான் நான். ஒஸ்கார்ஸ்ஹாம்ன் என்று இருபதாயிரம் பேர்கூட இல்லாத ஒரு ஊர் 2019இல் மேலே வந்து ஐந்து சீசன் முதல் டிவிஷனில் ஆடிவிட்டு 2024இல் இறங்கியது. மூடிய லீக்காக இருந்திருந்தால் அந்த ஊர்ப் பிள்ளைகள் ஃப்ரோலுண்டா மாதிரி ஒரு பெரிய அணியைத் தங்கள் அரங்கத்தில் பார்த்தே இருக்கமாட்டார்கள்.

அப்புறம் என்ன ஆனது? எச்வி71 ஒரே வருஷத்தில் திரும்பிவிட்டது. யூர்கோர்டனுக்கு மூன்று வருஷம் ஆனது: 2023இல் இரண்டாம் டிவிஷன் இறுதியில் மோடோவிடம் தோற்றார்கள், 2024இல் இறுதியில் பிரினெஸிடம் தோற்றார்கள், 2025இல்தான் ஏற முடிந்தது. என்ஹெச்எல்லில் பெரும்புகழ் பெற்ற ஃபோர்ஸ்பெர்க்கையும் சேடின் இரட்டையரையும் உருவாக்கிய மோடோ 2023இல் ஏறி 2025இல் மறுபடி எச்வி71யிடம் தோற்று இறங்கியது.

பிரினெஸ் 2024இல் ஏறியதும் ஒன்று நடந்தது, அதை நம்பவே கொஞ்ச நேரம் பிடித்தது. சில்ஃபர்பெர்க் என்ஹெச்எல்லை முடித்துக்கொண்டு திரும்பி வந்தார், இறங்கிய காலத்திலும் விட்டுப் போகாத லார்சன் இருந்தார், ஏறிய முதல் சீசனிலேயே, 2025 வசந்தத்தில், அணி இறுதிப்போட்டிக்குப் போனது. லூலியோவிடம் 4–2 என்று தோற்றார்கள். லூலியோவுக்கு 1996க்குப் பிறகு முதல் கோப்பை, ஆகவே அந்த வடகோடி ஊரின் சந்தோஷத்தையும் குறைத்துச் சொல்லக் கூடாது. அங்கே பெண்கள் அணி பலமுறை சாம்பியன் ஆகியிருக்க, ஆண்கள் அணி கிட்டத்தட்ட முப்பது வருஷம் காத்திருந்தது. 2025 ஆகஸ்டில் பேக்ஸ்ட்ரோமும் வாஷிங்டனில் எல்லாவற்றையும் முடித்துவிட்டு யெவ்லேக்கே கையெழுத்துப் போட்டார், என்ஹெச்எல்லின் ஸ்டான்லி கோப்பை வென்ற ஆள், வயது 37.

ஆக நீங்கள் பார்க்கத் தொடங்குவதென்றால், செப்டம்பரிலிருந்து எல்லா ஆட்டத்தையும் பார்க்க வேண்டியதில்லை. செவ்வாய், வியாழன், சனி என்று ஆட்டங்கள் வந்துகொண்டே இருக்கும், நவம்பரிலும் டிசம்பரிலும் பிப்ரவரியிலும் தேசிய அணிக்காக லீக் நின்று நின்று போகும், முதல்முறை பார்ப்பவருக்குச் சலிப்புத் தட்டலாம். ஒரு அணியைப் பிடித்துக்கொள்ளுங்கள், முடிந்தால் பத்தாம் இடத்துக்குக் கீழே தத்தளிக்கும் அணியை. ஜனவரிக்குப் பிறகு பட்டியலின் கடைசி ஐந்து அணிகளை மட்டும் கவனியுங்கள், அவை ஒன்றோடொன்று மோதும் ஆட்டங்களைத் தவறவிடாதீர்கள், அதில் 3 புள்ளி என்பது எதிராளியின் கையிலிருந்து பிடுங்கியதும் சேர்த்துத்தான். மார்ச் கடைசியில் காலிறுதி ஒரு பக்கம் நடக்கும்போது, மறுபக்கம் அந்த இரண்டு அணிகளின் தொடரைத் திறந்து முதல் ஆட்டத்திலிருந்தே பாருங்கள்.